கியாமத் நாளும் பேரீத்தங்கன்றும்

ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசலின் தலைவாயிலைக் கடப்போரின் கைகளில் திணிக்கப்பட்ட அந்தத் துண்டுப் பிரசுரத்தை நம் தலைமுறையினர் எவரும் மறந்திருக்க இயலாது. மதீனமாநகரில் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் ரவ்ளா ஷரீபில் ஊழியம் புரியும் ஷெய்கு அகமது என்பார் ஒரு கனவு கண்டாராம். பாவங்கள் பெருகிவிட்டன, தௌபாவின் வாயில் அடைபடப் போகிறது, கியாமத் நெருங்கிவிட்டது என்று அக்கனவில் அவருக்கு எச்சரிக்கை அருளப்பட்டதாம். பிரசுரத்தைக் கையிற் பெற்றவர் அதனை அச்சிட்டுப் பலருக்கும் வழங்க வேண்டும். வழங்கியவருக்குச் சில நாட்களில் பெருஞ்செல்வம் கிட்டும். அலட்சியம் செய்தவரின் மகன் மாண்டு போவான். இதனால் உறுதியாக ஊதியம் கண்டவர்கள் அச்சகத்தார் மட்டுமே என்பது எம் துணிபு.

இந்த ஷெய்கு அகமதுவின் வயதை அறிந்தால் நேயர்கள் வியப்படைவர். நெதர்லாந்து நாட்டு அறிஞர் ஸ்னூக் ஹுர்குரோன்யே 1884ஆம் ஆண்டிலேயே இத்தகைய கடிதத்தைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்திருக்கிறார். இன்று இந்தோனேசியா எனப்படும் தீவுகளில் 1880ஐ ஒட்டி அது கைக்குக் கை மாறி மக்களை நடுங்க வைத்திருக்கிறது. ஆக, ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாக அவர் அதே கனவைக் கண்டுகொண்டிருக்கிறார். சவூதி அரேபியாவின் மார்க்க மேதை அப்துல் அஸீஸ் பின் பாஸ் அவர்கள் இது கட்டுக்கதை என்று எழுதியே மறுத்தார்கள். ஆயினும் கனவு நிற்கவில்லை. இப்போது காகிதச் செலவுமின்றிக் கைப்பேசியிலேயே வந்து சேருகிறது.

நகைத்துவிட்டுக் கடந்து செல்லலாம்தான். ஆனால் அதன் விலையைக் கொடுத்த ஒருவரை நாம் அறிவோம்.

ஹிஜ்ரி 1399 முடிவுறும் தறுவாயில், அதாவது 1979ஆம் ஆண்டில், பதினான்காம் நூற்றாண்டோடு உலகம் முடிந்துவிடும் என்ற பேச்சு நம் ஊர்களில் பரவலாக இருந்தது. பதினான்குக்கு அப்பால் நூற்றாண்டு இல்லை என்று முதியோர் சிலர் திண்ணையில் அமர்ந்து அறுதியிட்டுக் கூறுவர். எம் உறவினர் ஒருவர் இதனை மெய்யாகவே நம்பினார். நல்ல மனிதர், ஐவேளைத் தொழுகை தவறாதவர், கடன் வைத்து அறியாதவர். அவருடைய மூத்த மகள் அப்போது எட்டாம் வகுப்பில் முதல் மாணவி. முடியப்போகிற உலகில் பெண்பிள்ளைக்குக் கணக்கும் பூகோளமும் எதற்கு என்று கூறி அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். தலைமையாசிரியர் வீடு தேடி வந்து மன்றாடியும் பயனில்லை. முஹர்ரம் பிறை தென்பட்டது, 1400 பிறந்தது, 1401உம் பிறந்தது. தந்தையார் அதைப் பற்றி மீண்டும் ஒரு சொல்லும் பேசவில்லை. அப்பெண் இன்று பேரப்பிள்ளைகளைக் கண்ட பாட்டி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமண வீட்டில் இப்பேச்சு எழுந்தபோது, "கியாமத்து வரலெ காக்கா, என் படிப்புதான் போச்சு" என்று எம்மிடம் கூறிவிட்டுப் பந்திக்கு நெய்ச்சோறு எடுத்து வைக்கப் போய்விட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுவே எம்மை அதிகம் உறுத்தியது.

அதே முஹர்ரம் முதல் நாளில்தான் மக்காவில் அந்தப் பெருங்கொடுமை நிகழ்ந்தது. 1979 நவம்பர் 20ஆம் நாள் வைகறைத் தொழுகை முடிந்த வேளையில், ஜுஹைமான் அல் உத்தைபி என்பவனின் தலைமையில் ஆயுதம் தாங்கிய கூட்டமொன்று ஹரம் ஷரீபைக் கைப்பற்றியது. ஜனாஸாப் பெட்டிகளுக்குள் துப்பாக்கிகளை மறைத்துக் கொண்டுவந்தனர் என்பர். கூட்டத்தின் தலைவன் தன் மைத்துனனையே எதிர்பார்க்கப்படும் மஹ்தி என அறிவித்து, கஅபாவின் அருகே அவனுக்கு பைஅத் செய்வித்தான். மஹ்தி பற்றிய அறிவிப்புகளில் காணப்படும் பெயரும் குலமும் இடமும் பொருந்தியிருப்பதாக அவர்கள் நம்பினர். எதிர்த்து வரும் படையைப் பூமி விழுங்கிவிடும் என்றும் காத்திருந்தனர். பூமி விழுங்கவில்லை. சண்டை டிசம்பர் 4ஆம் நாள் வரை நீடித்தது. மஹ்தி எனப்பட்டவன் அச்சண்டையிலேயே மாண்டான். அடுத்த ஜனவரியில் 63 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. எறும்பையும் கொல்லலாகாத புனித எல்லைக்குள் மனித இரத்தம் ஓடியது. உலக முஸ்லிம்கள் முகம் திருப்பும் இறையில்லத்தில் இரு வாரங்கள் மக்களின் தொழுகையும் தவாஃபும் தடைபட்டன. ஒரு தேதிக்கு இத்தனை வலிமை.

தேதி குறிக்கும் ஆசை பாமரருக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிடலாகாது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் மாபெரும் தத்துவ ஞானி அல் கிந்தி அவர்கள் கோள்களின் சேர்க்கையை ஆராய்ந்து அரபியரின் ஆட்சி 693 ஆண்டுகள் நிலைக்கும் என்று கணித்தார். திருமறையின் சில அத்தியாயங்களின் தொடக்கத்தில் அலிஃப் லாம் மீம் போன்ற தனியெழுத்துகள் வருகின்றன அல்லவா? மீண்டும் வருபவற்றை நீக்கினால் அவை பதினான்கு. அப்ஜத் முறைப்படி அவற்றுக்கு எண் கொடுத்துக் கூட்டினால் சரியாக 693 வருகிறது. நாமும் ஓர் இரவு காகிதமும் பேனாவுமாக அமர்ந்து கூட்டிப் பார்த்தோம். ஒன்றும் குறையவில்லை, ஒன்றும் கூடவில்லை. அந்தக் கணத்தில் உள்ளம் சிலிர்த்ததை மறைப்பதற்கில்லை. கணக்கு சரிதான். ஆனால் வரலாறு அதற்குக் கட்டுப்படவில்லை. ஹிஜ்ரி 656இலேயே, கி.பி. 1258இல், மங்கோலியர் பக்தாதை அழித்து அப்பாஸியக் கலீபாவைக் கொன்றனர். 693ஆம் ஆண்டோ குறிப்பிடத்தக்க எதுவும் இன்றிக் கழிந்தது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்குள் எழுதிய இப்னு கல்தூன், இத்தகைய கூட்டல்களைத் தம் முகத்திமாவில் எடுத்து ஆராய்ந்து, எழுத்துக்கு எண் என்பது மனிதர் தமக்குள் செய்துகொண்ட ஓர் ஏற்பாடே, அதிலிருந்து எதிர்காலத்தைக் கறக்க இயலாது என்னும் கருத்துப்பட மறுத்துள்ளார்.

பின்னர் ஆயிரத்தின் முறை வந்தது. நபி (ஸல்) அவர்கள் தம் மண்ணறையில் ஆயிரம் ஆண்டுகள் தங்கமாட்டார்கள், அதற்குள் உலகம் முடியும் என்ற பேச்சு ஹிஜ்ரி ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கெய்ரோவில் சுற்றியது. 898ஆம் ஆண்டில் ஒருவர் அதை ஒரு ஃபத்வாவாகவே எடுத்துக்கொண்டு இமாம் ஜலாலுத்தீன் ஸுயூத்தி அவர்களிடம் வந்தார். அதில் அடிப்படையே இல்லை என்று இமாம் அவர்கள் தனி நூல் எழுதினார்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இந்த உம்மத் ஆயிரத்தைக் கடக்கும், எனினும் ஆயிரத்து ஐந்நூறை எட்டாது என்று தாமும் ஒரு வரம்பைக் கூறிவிட்டார்கள். பெரியாரின் பெருமைக்கு இதனால் குறைவில்லை. எனினும் ஒரு தேதியை உடைக்கப் புகுந்தவரே மற்றொரு தேதியை நட்டுவிட்டதைக் கவனிக்க வேண்டும். ஹிஜ்ரி 1500 கி.பி. 2076இன் இறுதியில் பிறக்கும். இன்று நம் வீடுகளில் மதரஸாவுக்குச் செல்லும் குழந்தைகள் அறுபது வயதை எட்டும் காலம் அது. அவர்களின் கைகளில் எத்தகைய பிரசுரங்கள் திணிக்கப்படும் என்று இப்போதே ஊகிக்கலாம்.

ஆயிரமாவது ஆண்டு நெருங்கியபோது தில்லி மண்ணில் என்ன நடந்தது? அக்பர் சக்கரவர்த்தி நாணயங்களில் ஆயிரம் எனப் பொருள்படும் அல்ஃப் என்ற சொல்லைப் பொறித்தார். ஆயிரம் ஆண்டு வரலாற்றையும் தொகுக்குமாறு பணித்து தாரீகே அல்ஃபீ என்னும் பெருநூலை எழுதுவித்தார். ஒரு காலம் முடிந்தது, இனித் தம் காலம் என்பது அவர் எண்ணமாயிருக்கலாம். அவரோடு கருத்து மாறுபட்ட ஷெய்கு அஹ்மத் ஸிர்ஹிந்தி அவர்களும் ஆயிரத்தை முடிவாகக் கொள்ளவில்லை. அடுத்த ஆயிரத்தைப் புதுப்பிக்க வந்தவர் என்னும் பொருளில் முஜத்திது அல்ஃபெ ஸானீ என்றே உலகம் அவரை அழைக்கிறது. இருவரின் வழிகளும் வேறு. இருவரும் அடுத்த ஆயிரத்துக்காக உழைத்தார்கள் என்பது மட்டும் ஒன்று.

இது நம் சமுதாயத்துக்கே உரிய குறையும் அன்று. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்னும் போதகரைப் பின்பற்றிய பல்லாயிரவர் 1844 அக்டோபர் 22இல் இயேசு திரும்பி வருவார் என்று காத்திருந்தனர். விளைந்த பயிரை அறுக்காமல் விட்டவர்களும் அவர்களில் உண்டு. எல்லாச் சமயத்தாரின் வரலாற்றிலும் இத்தகைய ஒரு விடியல் இருக்கிறது.

இனி மூலத்துக்கு வருவோம். இறுதி நாளின் நேரத்தை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே என்று திருமறை மீண்டும் மீண்டும் உரைக்கிறது. அது திடீரென்றே வரும் என்று அல் அஃராஃப் அத்தியாயம் கூறுகிறது. வானவர் ஜிப்ரீல் (அலை) அவர்கள் மனித உருவில் வந்து இஸ்லாம், ஈமான், இஹ்ஸான் ஆகியவை பற்றி வினவியபோது ஒவ்வொன்றுக்கும் விடை பகர்ந்த பெருமானார் (ஸல்) அவர்கள், கியாமத் எப்போது என்ற வினாவுக்கு மட்டும், கேட்பவரைவிடத் தாம் அதிகம் அறிந்தவரல்லர் என்றார்கள். அகில உலகுக்கும் அருட்கொடையாக வந்த தூதருக்கே அறிவிக்கப்படாத தேதி, அச்சகத்தில் எவ்வாறு கிடைத்தது?

எனினும் ஒரு வினாவை மழுப்பாமல் எதிர்கொள்ள வேண்டும். வேளை அண்மிவிட்டது என்று கூறுவதும் அதே திருமறைதான். தம் வருகையும் மறுமையும் இரு விரல்களைப் போல் அடுத்தடுத்தவை என்று காட்டியவர்களும் அதே பெருமானார்தான். பதினான்கு நூற்றாண்டுகள் கழிந்துவிட்டனவே என்று படித்த இளைஞர் ஒருவர் கேட்டால் நாம் சினங்கொள்ளலாகாது. கேட்க வேண்டிய கேள்வி அது. இறைவனிடத்தில் ஒரு நாள் நம் கணக்கில் ஆயிரம் ஆண்டுகள் என்பது ஒரு விடை. ஒவ்வொருவருக்கும் அவரவர் மரணமே கியாமத் என்று முன்னோர் கூறியது மற்றொரு விடை. எமக்கு இவ்விரண்டையும்விட நிறைவளிப்பது, மறுமை எப்போது என்று கேட்ட நாட்டுப்புற அரபி ஒருவரிடம், அதற்காக நீர் என்ன சேகரித்து வைத்திருக்கிறீர் என்று பெருமானார் திருப்பிக் கேட்ட நிகழ்ச்சியே. நாளையே வரலாம் என்ற நினைவு கடனைத் தீர்க்கச் சொல்கிறது, பகையை முடிக்கச் சொல்கிறது. எப்போதென்று தெரியாது என்ற நினைவு பள்ளிக்கூடம் கட்டச் சொல்கிறது, குளம் வெட்டச் சொல்கிறது. தேதியைக் குறித்துவிட்டாலோ இந்த இரண்டாவது நினைவு செத்துவிடுகிறது.

கையில் பேரீத்தங்கன்று இருக்கும்போதே கியாமத் வந்துவிட்டாலும், நட முடியுமாயின் அதை நட்டுவிடுங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதாக அனஸ் (ரலி) அறிவிக்கும் நபிமொழியை இமாம் புகாரி தம் அல் அதபுல் முஃப்ரத் நூலில் பதிந்துள்ளார்கள். பேரீத்தை காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பதை மதீனாவின் தோட்டக்காரர்களுக்கு யாரும் எடுத்துரைக்கத் தேவையில்லை. கனி உண்ண எவரும் எஞ்சியிராத நாளிலும் நடும் கடமை எஞ்சுகிறது என்று அவர்கள் விளங்கியிருப்பார்கள்.

இக்கல்வி நாடாளும் கொள்கையாக மாறிய ஒரு நிகழ்ச்சியை நம் மேடைகளில் அதிகம் கேட்க முடிவதில்லை. கலீபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில் இராக்கின் செழிப்பான ஸவாத் சமவெளி முஸ்லிம்களின் கைக்கு வந்தது. வென்ற நிலத்தைப் படைவீரர்களுக்குப் பங்கிட்டுத் தருக என்று பிலால் (ரலி), ஸுபைர் (ரலி) போன்ற மூத்த தோழர்களே வற்புறுத்தினர். வாளேந்தி வென்றவர்கள் கேட்கும் பங்கு. எளிதில் மறுக்கக் கூடியதன்று. உமர் (ரலி) மறுத்தார்கள். நிலத்தை இன்றே பங்கிட்டு, அது தந்தையிடமிருந்து மகனுக்கென்று போய்விட்டால், நமக்குப் பின் வருவோருக்கு என்ன மிஞ்சும் என்று வினவினார்கள். பல நாட்கள் வழக்காடல் நடந்தது. முடிவில் அல் ஹஷ்ர் அத்தியாயத்தில் முஹாஜிர்களையும் அன்ஸாரிகளையும் கூறியபின் அவர்களுக்குப் பின் வருவோரையும் இறைவன் சேர்த்துக் கூறுவதைச் சான்றாக எடுத்து வைத்தார்கள். நிலம் உழுதவர்களிடமே விடப்பட்டது. அதன் வரி வரப்போகும் தலைமுறைகளுக்கும் உரிய பொதுச்செல்வமாயிற்று. இமாம் அபூ யூசுஃப் தம் கிதாபுல் கராஜில் இதனை விரிவாக எழுதியிருக்கிறார்கள். இன்னும் பிறவாத குழந்தை தன் பங்கைக் கேட்டு மதீனாவின் சபைக்கு வர இயலாது. அதற்காக வழக்காடியவர் மறுமையின் அச்சத்தால் இரவில் அழுத உமர் (ரலி) அல்லரோ?

வக்ஃபு என்னும் ஏற்பாடே இந்தச் சிந்தையில் விளைந்ததுதான். பூமிக்கு இறைவனே வாரிசாகும் நாள் வரை இந்தச் சொத்து நிலைக்க வேண்டும் என்று பழைய வக்ஃபுப் பத்திரங்களில் எழுதுவார்கள். உலகம் முடியும் என்ற நம்பிக்கையே அங்கே நீண்ட காலத்துக்கு அளவுகோலாகிவிட்டது. ஹாரூன் ரஷீதின் மனைவியார் ஸுபைதா அம்மையார் மலைகளைக் குடைந்து மக்காவுக்குக் கொண்டுவந்த நீர், அவர் மறைந்து ஆயிரம் ஆண்டுகள் கடந்த பின்னரும் ஹாஜிகளின் தாகம் தீர்த்தது.

எம் பாட்டியார் எங்களைச் சுற்றி அமர்த்திக்கொண்டு இரவில் ஒற்றைக்கண் தஜ்ஜாலையும் சுவரை நாக்கால் நக்கி நக்கித் தேய்க்கும் யஃஜூஜ் மஃஜூஜ் கூட்டத்தையும் பற்றிச் சொல்லுவார். இன்ஷா அல்லாஹ் என்று சொல்ல மறப்பதால்தான் சுவர் மறுநாள் பழையபடி ஆகிவிடுகிறது என்னுமிடத்தில் எங்களுக்கு மூச்சு நின்றுவிடும். அதே பாட்டியார் பகலில் கொல்லையில் தென்னம்பிள்ளைக்குக் குழி வெட்டச் செய்து, உப்பும் சாம்பலும் போட்டு, எந்தப் பேரனுக்கு எந்த மரம் என்று பெயரும் வைப்பார். அவருக்கு இவ்விரண்டுக்கும் இடையே முரண் எதுவும் தோன்றியதில்லை.

இன்று உலக முடிவைப் பற்றி மார்க்க அறிஞரைவிட விஞ்ஞானிகளே அதிகம் பேசுகிறார்கள். சூரியன் இன்னும் ஏறத்தாழ ஐந்நூறு கோடி ஆண்டுகள் எரியும் என்கிறார்கள். அவ்வளவு அவகாசத்துக்கு நடுவே மனிதன் தன்னைத் தானே முடித்துக்கொள்வானோ என்பதே அவர்களின் கவலை. அமெரிக்க அணு விஞ்ஞானிகள் சிலரின் இதழொன்று 1947 முதல் ஓர் ஊழிக் கடிகாரத்தைக் காட்டி வருகிறது. தொடங்கியபோது நள்ளிரவுக்கு ஏழு நிமிடங்கள் இருந்தன. 2025 ஜனவரியில் 89 வினாடிகளே இருப்பதாக அறிவித்தனர். அதில் தேதி இல்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டுகிறோம். என்ன சேகரித்து வைத்தீர் என்ற கேள்வியின் சாயலே அதில் எமக்குத் தென்படுகிறது. நம் கடற்கரையிலும் கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் அணு உலைகள் இயங்குகின்றன. அணு உலையில் பிறக்கும் புளூட்டோனியத்தின் முக்கிய வகை பாதியாகக் குறையவே 24,000 ஆண்டுகள் ஆகும். பின்லாந்து நாட்டார் அணுக்கழிவைப் புதைக்கப் பாறைக்குள் நானூறு மீட்டருக்கும் ஆழத்தில் ஓங்காலோ என்னும் குகையைக் குடைந்து, ஒரு இலட்சம் ஆண்டுக் காவலைக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஸவாத் நிலத்துக்காக உமர் (ரலி) எழுப்பிய கேள்வி, பின்வருவோருக்கு எதை விட்டுச் செல்கிறோம் என்ற அக்கேள்வி, நம் ஆலிம்களின் மன்றங்களில் இக்கழிவைக் குறித்தும் எழ வேண்டும். கியாமத் நெருங்கிவிட்டது என்று கூறி அதைத் தவிர்ப்பவர், எட்டாம் வகுப்புப் பெண்ணை நிறுத்தியவரின் வழியிலேயே செல்கிறார்.

சிரியா நாட்டின் அலெப்போ நகரை நடுவில் வைத்துப் பார்த்தால் இவ்விரு வழிகளும் எங்கே கொண்டுபோய் விடுகின்றன என்பது விளங்கும். நகருக்கு வடக்கே தாபிக் என்றோர் ஊர். ரோமரோடு நிகழும் இறுதிக்காலப் பெரும்போரைக் கூறும் ஒரு நபிமொழியில் அதன் பெயர் வருகிறது. ஸஹீஹ் முஸ்லிமில் அதைக் காணலாம். தம்மை இஸ்லாமிய அரசு என அழைத்துக்கொண்ட கொலைக் கூட்டத்தார் 2014இல் அவ்வூரைப் பிடித்தனர். தம் பத்திரிகைக்கும் அப்பெயரையே சூட்டினர். இறுதிப் போரில் பங்கேற்கும் பேறு கிட்டும் என்று நம்பிப் பல நாடுகளின் இளைஞர்கள் தாய் தந்தையரை விட்டு அங்கே போய்ச் சேர்ந்தனர். 2016 அக்டோபரில் எதிரிப் படை தாபிக்கை நெருங்கியது. இது அந்தப் பெரும்போர் அன்று, அது பின்னர் வரும் என்று தலைவர்கள் சமாதானம் கூறினர். ஊர் சில நாட்களில் கைமாறியது. போய்ச் சேர்ந்த பிள்ளைகளில் பலர் வீடு திரும்பவில்லை.

அதே அலெப்போவுக்குத் தெற்கே தல் ஹத்யா என்னுமிடத்தில், வறண்ட நிலங்களின் பயிர்களுக்காக 1977இல் தொடங்கிய பன்னாட்டு வேளாண் ஆய்வு மையம் ஒன்று இருந்தது. கோதுமை, வாற்கோதுமை, பருப்பு, கொண்டைக்கடலை ஆகியவற்றின் பழம்பெரும் வித்துகளை, மனிதன் முதன்முதலில் உழுது விதைத்த அந்தப் பிறை வடிவ நிலத்தின் வித்துகளை, அங்கே சேமித்து வைத்திருந்தனர். போர் சூழ்ந்த நாட்களிலும் ஊழியர்கள் வித்துக் களஞ்சியத்தைக் குளிரூட்டிக் காத்தனர். இரண்டாம் படிகளை நாட்டுக்கு வெளியே அனுப்பினர். நார்வே நாட்டின் வடகோடியில், ஸ்வால்பார்டு தீவின் பனிமலைக்குள் 2008இல் திறக்கப்பட்ட உலக வித்துப் பெட்டகத்தில் அவை பத்திரமாயின. மையத்தைக் கைவிட நேர்ந்த பின், 2015இல், அப்பெட்டகம் முதன்முறையாகத் திறந்து தான் காத்த வித்தைத் திருப்பித் தந்தது. 38,000க்கும் மேற்பட்ட வித்து வகைகள் லெபனானின் பிகா பள்ளத்தாக்குக்கும் மொராக்கோவுக்கும் வந்து சேர்ந்தன. அங்கே அவற்றை விதைத்தார்கள், களை பறித்தார்கள், அறுத்தார்கள், உலர்த்தினார்கள். அவ்வாறு பெருகிய வித்துகளில் ஒரு பகுதி 2017இல் மீண்டும் அந்தப் பனிமலைக்குப் போய்ச் சேர்ந்தது. எஞ்சியவை கேட்கும் உழவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் அனுப்பப்படுகின்றன.